போட்டோ சின்னதாகணும், ஆனா மங்கக்கூடாது: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல போட்டோ சைஸ் பத்திதான். பேங்க் எக்ஸாம் அப்ளிகேஷன் ஒரு பக்கம், கல்யாண ஆல்பம், ஃப்ளெக்ஸ் பேனர் இன்னொரு பக்கம். சார்ஜர், வைஃபை கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே பாத்துடலாம்.

கேள்வி: பேங்க் எக்ஸாமுக்கு அப்ளை பண்றேன் சார். கையெழுத்த 140க்கு 60 பிக்சல்னு கேக்கறாங்க. அந்த சைஸுக்கு குறைச்சா என் பேரே எனக்கு படிக்க முடியல, ஏதோ சாம்பல் கலர்ல ஒரு கோடு மட்டும் தெரியுது. என் போன் 50 மெகாபிக்சல், நல்ல கேமராதான். என்ன பண்றது?
வாசகி, திண்டுக்கல்

கேமரா மேல தப்பே இல்லம்மா. நீங்க ஏ4 பேப்பர் நடுவுல கையெழுத்து போட்டு, மொத்த பேப்பரையும் போட்டோ எடுத்து, அப்படியே 140க்கு சுருக்கியிருப்பீங்க, முக்கால்வாசி பேர் பண்றது இதான். கணக்கு போட்டு பாருங்க. ஏ4 பேப்பர் அகலம் 21 சென்டிமீட்டர், உங்க கையெழுத்து ஒரு 6 சென்டிமீட்டர் இருக்கும்னு வைங்க, முழு பேப்பரும் 140 பிக்சலுக்குள்ள அடங்கணும்னா கையெழுத்துக்கு கெடைக்கறது வெறும் 40 பிக்சல். மிச்சம் 100 பிக்சலும் வெள்ளை பேப்பருக்கு போயிடுது. 50 மெகாபிக்சல் இல்ல, 200 மெகாபிக்சல் போன் வாங்கினாலும் இதே கதிதான்.

இப்படி பண்ணுங்க. கோடு போடாத வெள்ளை பேப்பர்ல பென்சிலால 7 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர்ல ஒரு கட்டம் போடுங்க. 140க்கு 60ங்கறதும் இதே 7க்கு 3தான், அதனால படம் நசுங்காது. கட்டத்துக்குள்ள இடம் நெறைய கையெழுத்து போடுங்க. 7 சென்டிமீட்டர் 140 பிக்சலா மாறும்போது ஒரு பிக்சலுக்கு அரை மில்லிமீட்டர்தான் வரும், அப்போ மெல்லிசா எழுதற பால் பேனா கோடு ஒரு பிக்சல கூட முழுசா நெரப்பாது, பக்கத்துல இருக்கற வெள்ளையோட கலந்து சாம்பலா மாறிடும், நீங்க சொல்ற சாம்பல் கோடு அங்க இருந்து வந்ததுதான். அதனால கொஞ்சம் தடிமனா எழுதற கறுப்பு ஜெல் பேனா எடுங்க. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல, உங்க நிழல் பேப்பர்ல விழாம, நேரா மேல இருந்து எடுங்க. மொதல்ல பென்சில் கோட்டுக்கு உள்பக்கமா க்ராப் பண்ணுங்க, அப்புறம் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் கூட்டி பேப்பர வெள்ளையாக்குங்க, கடைசியாதான் 140க்கு 60னு ரீசைஸ். இந்த வரிசைய மாத்தாதீங்க, குறைச்சதுக்கு அப்புறம் க்ராப் பண்ணா வெட்டி எறியறதுக்கே பிக்சல் மிஞ்சாது.

அப்புறம், கேபிட்டல் லெட்டர்ல போட்ட கையெழுத்த, பேங்க் எக்ஸாம் நடத்தற ஐபிபிஎஸ் ஏத்துக்கறது இல்ல, படம் எவ்ளோ கிளியரா இருந்தாலும் சரி.

கேள்வி: எனக்கு தலைகீழ் பிரச்சினை. போட்டோ 20 கேபில இருந்து 50 கேபிக்குள்ள இருக்கணுமாம். 200க்கு 230 பிக்சல் வச்சா 9 கேபிதான் வருது, ரொம்ப சின்னதுன்னு சைட் திருப்பி அனுப்புது.
வாசகர், ராணிப்பேட்டை

பிக்சல் வேற, கேபி வேற தம்பி. பிக்சல்ங்கறது படத்தோட நீள அகலம், கேபிங்கறது அத எவ்ளோ அமுக்கி சேவ் பண்ணியிருக்கீங்கங்கற கணக்கு. 200க்கு 230னா மொத்தமே 46,000 பிக்சல்தான், அதுக்கு 50 கேபிங்கறது தாராளமான எடம், ரொம்ப அமுக்க வேண்டிய அவசியமே இல்ல. நீங்க யூஸ் பண்ற ஆப்பு தானா குவாலிட்டிய 60, 70னு எறக்கி வச்சிருக்கும். ஒரிஜினல் போட்டோவ மறுபடி தெறந்து க்ராப் பண்ணி, 200க்கு 230 ஆக்கி, ஜேபெக், அதாவது ஜேபிஜி குவாலிட்டிய 95, 98னு வச்சு சேவ் பண்ணுங்க. இருக்கற 9 கேபி ஃபைலையே தெறந்து குவாலிட்டி 100னு போட்டாலும் கேபி ஏறும், சைட்டும் ஒருவேள எடுத்துக்கும், ஆனா போன தெளிவு போனதுதான்.

கேள்வி: எங்க தாத்தா போன மாசம் தவறிட்டார். அவர் போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்ல இருக்கு. அத 12க்கு 18 சைஸ்ல பிரேம் போடணும்னு ஸ்டூடியோல குடுத்தோம், மொகமெல்லாம் மொழுமொழுன்னு மெழுகு பூசின மாதிரி வந்திருக்கு. வேற ஸ்டூடியோ போகலாமா?
வாசகர், பட்டுக்கோட்டை

ஸ்டூடியோவ மாத்தி பிரயோஜனம் இல்லங்க, போட்டோவ மாத்தணும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பற படம் நீளவாக்குல சுமார் 1600 பிக்சலுக்கு குறைஞ்சுதான் போய் சேரும். 1600க்கு 1200ன்னு வைங்க, 12க்கு 18 இன்ச் பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 100 பிக்சல் கூட தேறாது. ஆல்பம் பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 வேணும்பாங்க, செவுத்துல மாட்டறதுக்கு 150, 200 இருந்தா கண்ணுக்கு நல்லாவே இருக்கும். 100க்கு கீழ போனா ஸ்டூடியோக்காரர் சாஃப்ட்வேர்ல இழுத்து, பிசிறு தெரியக்கூடாதுன்னு ஸ்மூத் பண்ணி குடுப்பார், அந்த மெழுகு மொகம் அப்படி வந்ததுதான்.

அந்த போட்டோ வாட்ஸ்அப்புக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு மொதல்ல தேடுங்க. யார் போன்ல எடுத்தாங்களோ அவங்க கேலரில ஒரிஜினல் இருந்தா 4000க்கு 3000 பிக்சல் கெடைக்க வாய்ப்பு இருக்கு, 12க்கு 18க்கு அது தாராளம். அத வாங்கும்போது போட்டோவா அனுப்ப சொல்லாதீங்க, டாக்குமென்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கே அதுல அனுப்ப சொல்லுங்க, ஃபைல் அப்படியே வரும். 2023 ஆகஸ்ட்ல வந்த ஹெச்டி ஆப்ஷன் சாதாரணத்த விட மேல், ஆனா அதுவும் அமுக்கத்தான் செய்யுது.

போன்ல எடுத்ததே இல்ல, பழைய பிரிண்ட யாரோ போன்ல படம் புடிச்சு அனுப்பினதுன்னா அந்த பிரிண்டயே தேடி எடுத்து ஸ்கேன் பண்ணுங்க. 600 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 600 புள்ளி போதும், அதுக்கு மேல போனா பெரும்பாலும் பேப்பரோட சொரசொரப்புதான் கூடுதலா வரும், மொகம் வராது. 4க்கு 6 இன்ச் பிரிண்ட 600ல ஸ்கேன் பண்ணா 2400க்கு 3600 பிக்சல், அப்படியே 12க்கு 18 போட்டா இன்ச்சுக்கு 200 நிக்குது, அளவும் கச்சிதமா பொருந்துது. வீட்ல பழைய ஆல்பம் கவருக்குள்ள நெகட்டிவ் சுருள் கெடக்கும், யாரும் அத திரும்பி பாக்கறதில்ல. அது இருந்தா இன்னும் விசேஷம். நெகட்டிவ் ஸ்கேன் பண்ற கடைல குடுத்து 2400 டிபிஐல எடுத்தா ஒரு 35 எம்எம் பிரேமுக்கு 2268க்கு 3402 பிக்சல் கெடைக்கும், பிரிண்ட்ல இருக்கற கீறல், மஞ்சள் கறையெல்லாம் அதுல இருக்காது.

எதுவுமே கெடைக்கலன்னா 6க்கு 8 சைஸ்ல பிரேம் போடுங்க. 1600க்கு 1200 படம் அதுல இன்ச்சுக்கு சரியா 200. பெரிய பிரேம்ல மெழுகு மொகமா இருக்கறதுக்கு சின்ன பிரேம்ல தாத்தா தாத்தாவாவே இருப்பார்.

கேள்வி: பிரிண்டிங் பிரஸ்ல என் படம் 72 டிபிஐ, 300 டிபிஐயா மாத்தி குடுங்கன்னு சொல்றாங்க. மாத்தி குடுத்தேன், வாங்கிட்டாங்க, ஆனா புக்குல படம் மங்கல். எங்க தப்பு?
வாசகர், சிவகாசி

பிரிண்டிங்குக்கே பேர் போன ஊர்ல இருந்து இந்த கேள்வி! டிபிஐங்கறது ஃபைலுக்குள்ள ஒட்டியிருக்கற ஒரு லேபிள் மட்டும்தான். 600க்கு 400 பிக்சல் படத்துல 72ங்கறத அழிச்சு 300னு எழுதினாலும் அது 600க்கு 400தான். லேபிள் மாறினதால அது நியாயமா பிரிண்ட் ஆகற சைஸ் 2 இன்ச் அகலம்னு ஆயிடும், அத அவங்க பக்கம் முழுக்க இழுத்தா மங்காம என்ன பண்ணும்?

ஃபோட்டோஷாப்ல இமேஜ் சைஸ் போனீங்கன்னா ரீசாம்பிள்னு ஒரு டிக் இருக்கும். அத எடுத்துட்டு 300னு போடுங்க, பிக்சல் அசையாது, எத்தன இன்ச்சுக்கு இந்த படம் தாங்கும்னு உண்மைய காட்டிடும். டிக்க வச்சுட்டு 300 போட்டா சாஃப்ட்வேரே பக்கத்து பிக்சல பாத்து நடுவுல புதுசா பிக்சல் போட்டு நெரப்பும். நீங்க பண்ணது இதான்னு நெனைக்கறேன்.

300ங்கற நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன். ஒரு அடி தூரத்துல வச்சு படிக்கும்போது நல்ல கண்ணால இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 300 புள்ளி வரைக்கும்தான் பிரிச்சு பாக்க முடியும், அதுக்கு மேல குடுத்தாலும் கண்ணு வாங்காது. தூரம் கூட கூட இந்த தேவை கொறைஞ்சுட்டே போகும், அடுத்த கேள்விக்கு இதேதான் பதில்.

கேள்வி: பாப்பா பொறந்தநாளுக்கு 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸ் அடிக்கணும். போன் போட்டோ தாங்குமா? கூடவே எங்க கடை லோகோவும் போடணும், அது விசிட்டிங் கார்டுல மட்டும்தான் இருக்கு.
வாசகர், தூத்துக்குடி

பாப்பா போட்டோ தாங்கும், லோகோதான் காலை வாரும்.

4000க்கு 3000 பிக்சல் போட்டோவ 10 அடிக்கு விரிச்சா இன்ச்சுக்கு 33 பிக்சல் வருது. கேக்க பயமா இருக்கும், ஆனா 15 அடி தள்ளி நின்னு பாக்கறவர் கண்ணுக்கு இன்ச்சுக்கு 20 புள்ளியே போதும். பேனர் மேல மூக்க வச்சு பாக்கறவங்கள பத்தி கவலப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு, எடுக்கும்போது ஜூம் பண்ணாதீங்க, கிட்ட போய் எடுங்க. டெலிஃபோட்டோ லென்ஸ் தனியா இல்லாத போன்ல ஜூம்னா நடுவுல கொஞ்சத்த வெட்டி பெருசாக்கி குடுக்கறதுதான், எடுக்கும்போதே பாதி பிக்சல விட்டுடறீங்க.

லோகோ விஷயம் வேற. மொகத்துல லேசா மங்கினா யாருக்கும் தெரியாது, எழுத்தோட ஓரம் கொஞ்சம் பிசிறினாலும் பளிச்சுனு தெரியும். விசிட்டிங் கார்ட போட்டோ எடுத்து பெருசாக்காதீங்க. கார்டு அடிச்ச பிரஸ்ல போய் கோரல்டிரா ஃபைல் இருக்கான்னு கேளுங்க. அது பிக்சல் கணக்கே இல்லாத வெக்டர் ஃபைல், கோடு எங்க இருந்து எங்க வளையுதுன்னு கணக்கா எழுதி வச்சிருக்கும், தீப்பெட்டி லேபிள்ல இருந்து லாரி தார்ப்பாய் வரைக்கும் எந்த சைஸுக்கு இழுத்தாலும் ஓரம் கத்தி மாதிரி நிக்கும். ஃபைல் தொலைஞ்சிருந்தா ஃப்ளெக்ஸ் கடை டிசைனர வச்சு கோரல்டிராலயே திரும்ப வரைஞ்சுக்கங்க, ரெண்டு கலர் லோகோவுக்கு அரை மணி நேர வேலைதான். வரைஞ்சத பிடிஎஃபாவும் வாங்கி வச்சுக்கங்க, அடுத்த தடவை இந்த அலைச்சல் இல்ல.

கேள்வி: ஆன்லைன்ல பட்டுப்புடவை விக்கறேன். போட்டோ பெரிய சைஸ்ல அருமையா இருக்கு, இன்ஸ்டாகிராமுக்கு 1080 ஆக்கினா கட்டம் போட்ட புடவைல அலை அலையா என்னமோ ஓடுது. செகப்பு பார்டர் ஓரமும் கசியற மாதிரி இருக்கு. கஸ்டமர் நெசவுல குறையான்னு கேக்கறாங்க.
வாசகி, காஞ்சிபுரம்

இந்த வார கேள்வில எனக்கு ரொம்ப புடிச்சது இது. ரெண்டும் ரெண்டு வேற வியாதி.

அலை வர்றத மோரேன்னு சொல்வாங்க. ஒரு ஜரிகை கோடு, ஒரு இடைவெளி, இத காட்ட கொறஞ்சது ரெண்டு பிக்சல் வேணும். 4000 பிக்சல்ல ஒரு கோடும் இடைவெளியும் சேந்து 5 பிக்சல் இருந்துச்சுன்னு வைங்க, 1080 ஆக்கும்போது அது ஒண்ணே கால் பிக்சல் சொச்சம் ஆயிடுது, அதுல அந்த கோட்ட காட்டவே முடியாது. சில ஆப்புங்க வேகமா முடிக்கணும்னு நாலு பிக்சலுக்கு ஒண்ணுன்னு பொறுக்கி எடுத்துட்டு மத்தத தூக்கி போட்டுடும், அப்போ ஒரு எடத்துல கோடு மாட்டும், ஒரு எடத்துல இடைவெளி மாட்டும், அது சேந்து புடவைல இல்லாத பெரிய அலையா தெரியும். பொறுக்காம எல்லா பிக்சலையும் சேத்து சராசரி எடுக்கற முறை வேணும், பேர் பைக்யூபிக், லான்சோஸ்னு இருக்கும். இர்ஃபான்வியூன்னு ஒரு விண்டோஸ் சாஃப்ட்வேர் இருக்கு, சொந்த உபயோகத்துக்குன்னா ஃப்ரீ, வியாபாரத்துக்குன்னா லைசென்ஸ் வாங்கணும், அதுல ரீசைஸ் போய் லான்சோஸ் செலக்ட் பண்ணி 1080 ஆக்குங்க, லேசா ஷார்ப்பன் ஒரு தடவை. ரொம்ப குடுத்தீங்கன்னா ஜரிகை ஓரத்துல வெள்ளை வளையம் வரும். இவ்ளோ பண்ணியும் கட்டம் அந்த சைஸ்ல தனித்தனியா தெரியாது, தெரியவும் முடியாது, ஆனா பொய்யான அலை போயிடும். கட்டத்த காட்டணும்னா முந்தானை மட்டும் கிட்ட வச்சு ரெண்டாவது போட்டோ ஒண்ணு போடுங்க. சில சமயம் போன் ஸ்கிரீன்ல சின்னதா பாக்கும்போது மட்டும் அலை வரும், ஒரிஜினல 100 சதவீதம் ஜூம் பண்ணி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அங்கயும் அலை இருந்தா எடுக்கும்போதே கேமராவுலயே வந்தது, எந்த ரீசைஸும் தீத்து வைக்காது, கொஞ்சம் தள்ளியோ சாய்ச்சோ திரும்ப எடுங்க.

செகப்பு கசியறது ஜேபெக் பண்ற வேலை. நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்த பாக்கற அளவுக்கு கலர் வித்தியாசத்த நுணுக்கமா பாக்காதுன்னு, ஜேபெக்ல சேவ் பண்ணும்போது பெரும்பாலும் கலர் தகவல நீளத்துலயும் அகலத்துலயும் பாதியா குறைச்சுடுவாங்க. மரம் மட்டை போட்டோல இது தெரியாது, பச்சை ஒடம்புல அரக்கு பார்டர் வச்சா மாட்டிக்கும். சேவ் பண்ற எடத்துல சப்சாம்பிளிங்னு ஒரு செட்டிங் இருக்கும், 4:4:4னு வைங்க, இர்ஃபான்வியூல அத டிஸேபிள் பண்ண ஒரு டிக் இருக்கு. ஃபைல் கொஞ்சம் கனமாகும், பரவால்ல. இன்ஸ்டாகிராம் ஏத்தும்போது அது பங்குக்கு ஒரு தடவை அமுக்கும், அத நம்மால தடுக்க முடியாது, ஆனா நீங்க 1080லயே சுத்தமா குடுத்துட்டா அது அளவு மாத்த வேண்டிய வேலையாவது மிச்சம்.

இன்னொண்ணு, ஏற்கனவே போஸ்ட் பண்ண படத்த டவுன்லோட் பண்ணி, வெலைய எழுதி, திரும்ப போஸ்ட் பண்ற பழக்கம் நெறைய கடைக்காரங்களுக்கு இருக்கு. ஜேபெக்ங்கறது படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் நுணுக்கத்த கழிச்சுதான் சேவ் பண்ணும், திரும்ப திரும்ப பண்ணா ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதைதான். ஒரிஜினல் ஒரு ஃபோல்டர்ல தொடாம இருக்கட்டும், ஒவ்வொரு தேவைக்கும் அதுல இருந்தே புதுசா எடுங்க.

கேள்வி: ஏஐ ஆப்பு ஒண்ணுல போட்டா மங்கலான போட்டோ கூட சூப்பரா ஹெச்டி ஆகுதே சார், அத ஏன் நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்க?
வாசகர், கோயம்புத்தூர்

சொல்லிட்டா போச்சு. இலை, கல்லு, சொவரு, கார்ட்டூன், வால்பேப்பர், இதுக்கெல்லாம் நல்லாவே வேலை செய்யுது. ஃபோட்டோஷாப் கேமரா ராவுல 2021ல இருந்து சூப்பர் ரெசல்யூஷன்னு இருக்கு, நீளம் அகலம் ரெண்டையும் ரெண்டு மடங்காக்கும். காசு வேணாம்னா அப்ஸ்கேல்னு ஒண்ணு ஃப்ரீயா கெடைக்குது, உங்க கம்ப்யூட்டர்லயே ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு சுமாரா இருந்தா பொறுமை வேணும்.

மொகத்துலதான் வம்பு. இந்த ஆப்பு உங்க படத்துல ஒளிஞ்சிருக்கறத தோண்டி எடுக்கறது இல்ல, அது பாத்து பழகின லட்சக்கணக்கான மொகத்துல இருந்து இங்க இப்படி இருக்கலாம்னு ஒரு கண்ண, ஒரு பல்ல வரைஞ்சு வைக்குது. 2020ல அமெரிக்கால டியூக் யுனிவர்சிட்டி ஆளுங்க பல்ஸ்னு ஒண்ணு வெளியிட்டாங்க, அதுல கட்டம் கட்டமா இருந்த ஒபாமா படத்த போட்டா ஒரு வெள்ளைக்காரர் மொகம் வந்து நின்னுச்சு, பெரிய சர்ச்சை ஆச்சு. உங்க போட்டோல பத்து வருஷமா உதட்டு மேல இருந்த மச்சம் காணாம போயிருக்கான்னு பாருங்க. பொறந்தநாள் ஸ்டேட்டஸுக்கு போடறதுன்னா ஜாலியா போடுங்க, அப்ளிகேஷன், ஐடி கார்டு, செவுத்துல மாட்டற பெரியவங்க படம், இதுக்கு வேணாம்.

கேள்வி: ஐபோன்ல எடுத்த போட்டோவ எந்த அப்ளிகேஷன் சைட்டும் எடுத்துக்க மாட்டேங்குது. ஃபைல் பேர்ல கடைசில ஜேபிஜின்னு மாத்தியும் பாத்துட்டேன்.
வாசகர், சென்னை

பேர மாத்தினா உள்ள இருக்கறது மாறாது. 2017ல வந்த ஐஓஎஸ் 11ல இருந்து ஐபோன் ஹெய்க்ங்கற ஃபார்மேட்ல சேவ் பண்ணுது. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வைங்க, இனிமே எடுக்கறது ஜேபிஜியா வரும். பழசுக்கு ஒரு கன்வெர்ட்டர்.

கேள்வி: ரீசைஸ் பண்ற வெப்சைட்ல ஆதார், மார்க் ஷீட்டெல்லாம் ஏத்தலாமா? பயமா இருக்கு.
வாசகி, சேலம்

பயப்படறதுல நியாயம் இருக்கு, நெறைய சைட் உங்க ஃபைல அவங்க சர்வருக்கு அனுப்பிதான் குறைச்சு தருது, அங்க எத்தன நாள் இருக்கும்னு நமக்கு என்ன தெரியும். கூகுள் குரோம் டீம் செஞ்ச ஸ்கூஷ்னு ஒண்ணு இருக்கு, அது வேலைய உங்க பிரவுசருக்குள்ளயே முடிச்சுக்கும், ஃபைல் வெளிய போகாது, குவாலிட்டிய நகத்த நகத்த கேபி எவ்ளோன்னு பக்கத்துலயே காட்டும். விண்டோஸ் பெயின்ட்லயும் ரீசைஸ் பண்ணலாம், ஆனா அதுல ஜேபெக் குவாலிட்டிய மாத்த வழி இல்ல. மார்க் ஷீட்ட ரொம்ப அமுக்காதீங்க, நம்பர் 3ஆ 8ஆன்னு தெரியாம போயிடும், கலர் வேணும்னு கேக்கலன்னா கறுப்பு வெள்ளைல ஸ்கேன் பண்ணா ஃபைலும் சின்னதா வரும், எழுத்தும் நிக்கும். நெட் சென்டர்ல உக்காந்து பண்ணீங்கன்னா டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் மூணுலயும் அழிச்சுட்டு, வாட்ஸ்அப் வெப் லாக் அவுட் பண்ணிட்டு எழுந்திரிங்க.